கட்டைக்காரர் பெத்தணன்

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பெத்தணனுக்கு ஒரே வேலைதான், வண்டிக்குக் கட்டை வைப்பது. மருந்து அறைகளுக்கு அருகே இன்ஜினை முடுக்கக் கூடாது. அதனால் லோடு ஏற்றிய வண்டியை மேட்டிலிருந்து கேட் வரைக்கும் தானாக உருளவிடுவார்கள். பெத்தணன் மரக்கட்டையோடு கூடவே ஓடி, கேட் வந்ததும் சக்கரத்துக்கு அடியில் செருகுவார். இதெல்லாம் ஒரு வேலையா என்பவர்கள் ஒருநாள் ஓடிப் பார்க்கட்டும்!

“மேட்டுல நிக்கிற வண்டி சும்மா நிக்குதுன்னு நெனைக்காதீக. ஓட்டத்தை மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டுல்லா நிக்குது” என்பார்.

தீபாவளி சீசன். சூப்பர்வைசர் ஜெயச்சந்திரன் இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றச் சொன்னான்.

“இம்புட்டு ஏத்துனா கட்டை தாங்காது சார்.”

“ஆர்டர் நிக்குது. நீரு உம்ம வேலையைப் பாரும்.”

வண்டி இறங்கியது. பாதியிலேயே பெத்தணனுக்கு மூச்சு வாங்கியது. டிரைவர் தனுஷ்கோடி பிரேக் மேல் ஏறி நின்று மிதித்தும், இன்ஜின் ஓடாத வண்டியில் பெடல் அமுங்கவில்லை. கேட் அருகே வேப்பமரத்தடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்து சோற்று வாளியைத் திறந்துகொண்டிருந்தாள் பெத்தணனின் மனைவி இருளம்மாள். பழைய வெடிவிபத்தில் காது போனவள்.

கட்டையைச் செருகினார். டயர் அதை எற்றித் தள்ளிவிட்டது. காலடியில் தலையளவு கல் ஒன்று கிடந்தது. கட்டைக்குப் பதில் அதைப் போட, கை அதுவரை போய் நின்றுவிட்டது. கம்பெனிக்குள் கல் உரசக் கூடாது, உரசினால் பொறி, பொறி விழுந்தால் அத்தனை பேரும் சாம்பல். பிள்ளைப் பிராயத்திலேயே ஊறிப்போன பயம்.

“ஏளா, எந்திரி!” என்று கத்தினார். கேட்காத காதுக்குக் கத்தி என்ன செய்ய?

வண்டி அவள்மேல் ஏறி இறங்கிச் சுவரில் முட்டி நின்றது. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

சாவு வீட்டில் ஜெயச்சந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “நல்லவேளை, கல்லைப் போடலை. கம்பெனியே தப்பிச்சுது.”

பெத்தணனும் அப்படித்தான் நம்பினார். பாவி மனுசன், கடைசிவரை நம்பியே இருந்திருக்கலாம்.

கருமாதி முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று, ஊர்ச் சரிவில் பஸ் நின்றது. கண்டக்டர் ஒரு கருங்கல்லைக் காலால் உருட்டிப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தான். எத்தனையோ தடவை பார்த்ததுதான். பெத்தணன் அன்றைக்குத்தான் குனிந்து, டயரையும் கல்லையும் மாறி மாறித் தடவினார்.

“ரப்பருல்லா” என்றார். “ஐயோ, ரப்பருல்லா இது. இதுல எங்கன பொறி வரும்?”

அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸை எடுக்க, நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்க வேண்டியிருந்தது.