துணைப் பிரதமரின் பத்துக் கைகள்

பெங்களூரில் எங்கள் கல்லூரியில் வருடா வருடம் மாதிரி நாடாளுமன்றம் நடத்துவார்கள். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது சீட்டுக் குலுக்கி ஆளுங்கட்சிக்கு இருபத்திரண்டு பேர், எதிர்க்கட்சிக்குப் பதினெட்டுப் பேர் என்று பிரித்தார்கள். பிரதமர் பதவிக்கு எங்கள் கட்சிக்குள் நானும் என் உயிர்த்தோழியும் போட்டியிட்டோம். அவளுக்குப் பன்னிரண்டு ஓட்டு, எனக்குப் பத்து.

நான் லிங்கராஜபுரம், அவள் ஈஜிபுரா. பி.யு.சி.யிலிருந்தே ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அன்று நான் தனியாகச் சாப்பிட்டேன். அவளைவிட நான் நன்றாகப் பேசுவேன் என்பது கல்லூரிக்கே தெரியும்.

என்னைச் சமாதானப்படுத்த, நிகழ்ச்சியை நடத்திய மேடம் என்னைத் துணைப் பிரதமர் ஆக்கினார். "நம்பர் டூ நீதாம்மா" என்றார். பூரித்துப்போய் ஸ்கிரிப்டைப் புரட்டினால் எனக்கு ஒரு வரிகூட இல்லை. பதவிப் பிரமாணத்திலும் வெறும் அமைச்சர்தான். நூலகத்தில் அரசியல் சட்டத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு பதவியே அதில் இல்லை. பிரதமர் ஊரில் இல்லாவிட்டால்கூட அதிகாரம் தானாகக் கைக்கு வராதாம். பிறகு எதற்கு இந்தப் பதவி? கூட்டணி ஆட்சிகளைப் பற்றிப் படித்தபோது விளங்கியது. விட்டால் வெளியே போய்விடக்கூடிய ஆளைப் பிடித்துவைக்கத்தான் பல நேரம் அதைக் கொடுக்கிறார்கள். கையில் கனமான துறையும் பின்னால் ஆட்களும் இல்லையென்றால் அது வெறும் நாற்காலி.

ஆட்கள் என்னிடம் இருந்தார்கள். நேராகக் கேன்டீனுக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"உள்துறை எனக்கு வேணும்டி."

"அத வேற ஒருத்திக்குக் குடுத்தாச்சே."

"மாத்து. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு மேடம் நெஜமாவே கைய எண்ணுவாங்க. தெரியும்ல?"

"சரி, எடுத்துக்கோ" என்றாள்.

நிகழ்ச்சி நாளில் விலைவாசிக் கேள்வியில் அவள் தடுமாறி என் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து பிரதமர் சார்பில் பதில் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. டீ இடைவேளையில் எதிர்க்கட்சித் தலைவி என்னை ஓரமாக அழைத்து, "உன் ஆளுங்களோட இந்தப் பக்கம் வந்துடு, நீயே பிரதமர்" என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

தீர்மானம் வந்தது. ஆட்சி நீடிக்கத் தீர்மானத்தை எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் மேடம். என் ஆட்கள் ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் குனிந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன். பின்னாலேயே மற்றவையும் எழுந்தன, என்னுடையதோடு சேர்த்துப் பத்துக் கைகள். ஆட்சி பிழைத்தது.

மாலை பஸ் ஸ்டாப்பில் அவள் கேட்டாள்: "உள்துறை தரலன்னா கவுத்திருப்பியா?"

"கவுத்திருப்பேன்."

"தெரியும். அதனாலதான் குடுத்தேன். அப்பவும் நீ கை தூக்கற வரைக்கும் எனக்கு மூச்சே வரல."

நான் செய்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மறுநாளிலிருந்து பழையபடி ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். முதல் வாய் எடுக்கும் முன் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவளுக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.