கிருமி வளரவில்லை

கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். "நமுத்துப் போன ஊசிப் பட்டாசுங்க எல்லாம் எனக்குப் பேர் வைக்குது" என்பாள்.

இருபது வருடமாகக் கிருமி வளர்க்கும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. நோய்ப்பட்ட பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்ததை, ஆட்டு ரத்தம் கலந்த அகர் கூழ்த் தட்டில் கம்பியால் இழுத்து விடுவாள். தட்டுகளை ஒரு ஜாடிக்குள் அடுக்கி, மெழுகுவத்தி ஏற்றி மூடுவாள். உள்ளே சுடர் தானாக அணையும்போது, நுரையீரல் கிருமிகளுக்குப் பிடித்த காற்று ஜாடிக்குள் மிஞ்சியிருக்கும். மறுநாள் காலை மூடியைத் திறந்து தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். அந்த நேரத்தில் யாரும் அவளிடம் பேசக் கூடாது.

ஒரு நாள் அந்த நேரத்தில் அவளை வெளியே வரவழைத்துப் பேசியது அண்ணி. ஆய்வுக்கூடத்து வரவேற்பறையிலேயே வந்து நின்றுகொண்டு, கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள்.

"இதுல இருக்கிறது உன் கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். ஒரு பெரிய பன்றிப் பண்ணை அனுப்பிய ஆறு மாதிரிகளுக்கு, இரண்டு வாரத்துக்கு முன் அவள் எழுதிக் கொடுத்த முடிவு. கிருமி வளரவில்லை.

"இத வச்சுக்கிட்டுதான் உங்கண்ணன வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கிருமி இல்லையாம். அப்போ பன்னிங்க இருமி இருமிச் செத்ததுக்குக் காரணம், அவர் கொட்டகையச் சரியாக் கழுவலையாம், ஜன்னலத் தொறக்கலையாம். பதினோரு வருஷம் அந்தப் பன்னிங்களோட கெடந்த மனுஷன். நாலு நாளா ஒரு வார்த்தை பேசல."

பட்டாசுக்குக் காது இரண்டும் சூடாகிப் போயின. அண்ணன் அந்தப் பண்ணையில் வேலை செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். மாதிரிகளில் பண்ணைப் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அந்த எண்ணைத் தேடிப் பதிவேட்டைப் புரட்டினாள். மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சிகள் காய்ந்து வந்திருந்தன. எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. 'முன்பே மருந்து கொடுக்கப்பட்டதா' என்ற கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டும்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"குச்சி எடுக்கிறதுக்கு முன்னாடி ஊசி போட்டாங்களாண்ணா?"

"ரெண்டு நாளா என் கொட்டகையில எல்லாத்துக்கும் போட்டாங்க, பாப்பா."

"அத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

மருந்து ஏறிய பன்றியிடமிருந்து எடுத்து, மூன்று நாள் காயவைத்த குச்சியில் எது முளைக்கும்? வளரவில்லை என்று அவள் எழுதினாள். கிருமியே இல்லை என்று பண்ணை மேனேஜர் படித்துக்கொண்டான். மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அவளைத் தூங்க விடவில்லை.

மறுநாள் பெரிய டாக்டரின் மேஜை முன் போய் நின்றாள். அவர்தான் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர்.

"அந்தப் பண்ணையில இன்னும் பன்னிங்க செத்துக்கிட்டிருக்கு சார். நாமளே போய் அறுத்துப் பாக்கணும்."

"உங்க அண்ணன் விஷயம்மா இது. நீங்க இதுல கை வைக்கக் கூடாது."

"வைக்கல சார். நீங்க அறுங்க, நீங்களே தட்டுல போடுங்க. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். ஆனா நீங்க வரலைன்னா, அந்தப் பழைய முடிவு தப்புன்னு நானே எழுதி வாசல்ல ஒட்டுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கார் சாவியை எடுத்தார்.

பண்ணையில் மேனேஜர் வாசலிலேயே வழிமறித்தான். "ஏற்கெனவே டெஸ்ட் பண்ணியாச்சே!"

"அது டெஸ்ட் இல்ல, கண்ணுல மண்ணத் தூவின வேலை" என்றாள் பட்டாசு. டாக்டர் அவளை முறைத்தார். பிறகு மேனேஜரைத் தாண்டி உள்ளே நடந்தார்.

அன்று காலைதான் செத்திருந்தது ஒரு பன்றி. மூக்கில் ரத்தம் கலந்த நுரை. இன்னும் ஊசி போடாத கொட்டகையைச் சேர்ந்தது. டாக்டர் நெஞ்சைப் பிளந்தார். பஞ்சுபோல் இருக்க வேண்டிய நுரையீரல் கறுத்துச் சிவந்து, ஈரல்போல் கெட்டியாகி, விலா எலும்போடு ஒட்டியிருந்தது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இது மூச்சு விட முயன்று முயன்று தோற்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் டாக்டரே தட்டில் இழுத்தார். குறுக்கே இன்னொரு சாதாரணக் கிருமியை ஒரே கோடாகப் போட்டார். அவர்கள் சந்தேகப்பட்ட கிருமிக்குத் தேவையான ஒரு சத்து அந்தத் தட்டில் கிடைக்காது. பக்கத்துக் கிருமி கசியவிடுவதை உண்டுதான் அது பிழைக்கும். பட்டாசு சொன்னபடியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கம்பியை அவர் பிடித்த விதம் சரியில்லை என்று பல்லைக் கடித்தாள்.

காலையில் ஜாடியைத் திறந்தது வேறொரு உதவியாளர். கோட்டின் இரு பக்கமும், அதை ஒட்டி மட்டும், பனித்துளிபோலப் பொடிப்பொடியாகக் கிருமி வளர்ந்திருந்தது. தள்ளிப் போனால் ஒன்றுமில்லை. அடுத்தடுத்த சோதனைகளும் அதையே சொல்லின. பன்றிகளின் நுரையீரலைத் தின்னும் தொற்றுக் கிருமி. மருந்து தோய்த்த வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்த்ததில், பண்ணை போட்டுக்கொண்டிருந்த ஊசி மருந்தைச் சுற்றி, கிருமி அடங்கியதைக் காட்டும் வளையம் நூலளவுதான் இருந்தது. வில்லையை நெருக்கிக்கொண்டு கிருமி வளர்ந்து நின்றது. அந்த ஊசி, காய்ந்த குச்சியில் மிஞ்சிய கொஞ்சநஞ்சக் கிருமியைத் தட்டில் வளரவிடாமல் மறைத்ததே தவிர, ஒரு பன்றியையும் காப்பாற்றவில்லை.

புதிய முடிவு போயிற்று. மருந்தை மாற்றினார்கள், சாவு குறைந்தது. மேனேஜர் அண்ணனுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வரலாம் என்றான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

"போகாதே" என்று கத்தினாள் பட்டாசு. "அவன் வந்து வாயத் தொறந்து சொல்லட்டும், தப்பு என்னோடதுன்னு!"

அண்ணன் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். "அவன் சொல்ல மாட்டான், பாப்பா. பன்னிங்க என்ன பண்ணுச்சு?"

"உனக்கு ரோஷமே கெடையாதா?"

"அதான் ரெண்டு பேருக்கும் சேத்து நீ வச்சிருக்கியே" என்றான் அவன். அண்ணி சிரித்துவிட்டாள். பட்டாசு சிரிக்கவில்லை.

அவன் போய்விட்டான். அவள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, தன் பழைய முடிவு செல்லாது என்று ஒரு கடிதம் எழுதினாள். மாதிரிகள் சோதனைக்கே தகுதியற்றவை, அதைக் கவனித்தும் கையெழுத்திட்டது என் பிழை என்று எழுதினாள். கூடத்தின் பெயர் கெடும் என்றார் டாக்டர். கெடட்டும் என்றாள். ஒரு வாரம் தன் மேஜையிலேயே வைத்திருந்துவிட்டு, கடைசியில் அவரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

இப்போது மருந்துக் கட்டம் காலியாக வரும் எந்த மாதிரிப் பெட்டியையும் அவள் வாங்குவதில்லை. அறுபது மைல் ஓட்டி வந்த டிரைவர்கள் வாசலில் நின்று திட்டுகிறார்கள். அவளும் திருப்பித் திட்டுகிறாள். பிறகு உள்ளே கூப்பிட்டு, பண்ணைக்குப் போன் போட்டுக் கேட்டுத் தானே அந்தக் கட்டத்தை நிரப்புகிறாள்.