‘முன்’ என்று எழுதிய படம்

சோப்பு செய்ய ஆரம்பித்தது என் புருஷன் கழுத்துக்காக. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை அவருக்கு. பகல் முழுக்க வெயிலில் நின்று, வியர்வையும் உப்புக்காற்றும் சட்டைக் காலரில் ஊறி, கழுத்தைச் சுற்றித் தடித்துச் சிவந்துவிடும். டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி வரும். நான் பிறந்தது தாமிரபரணிப் பக்கம் ஒரு வயல்காட்டு வீட்டில். அங்கே அரிப்பு என்றால் குப்பைமேனி இலையை அரைத்துப் பூசுவோம். பச்சை விழுதைக் கழுத்தில் அப்பிக்கொண்டு துறைமுகத்துக்குப் போக எந்த ஆம்பளை சம்மதிப்பான்? அதனால் அந்த இலையை, மணத்துக்கு வெட்டிவேரும் போட்டு, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, அந்த எண்ணெயில் சோப்பு போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

எல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்ததுதான். தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொட்டியதும் அது கொதித்த கொதியில் முதல் நாள் அடுக்களையை விட்டே ஓடிவிட்டேன். பிறகு துணிச்சல் வந்தது. மூக்கில் துணி, கையில் உறை, மொட்டைமாடியில் வாளி என்று வேலை நடந்தது. ஆனால் வீடியோவில் பேசினவர்கள் யாரும் கடலோரத்தில் குடியிருந்தவர்கள் இல்லை போலிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் காற்றோட்டமாக வைத்தால் இறுகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தூத்துக்குடியில் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு உப்பு டப்பாவே கசியும். என் சோப்புக் கட்டிகள் அலமாரியில் உட்கார்ந்து ஆட்களைப் போல வியர்த்தன.

வயல்காட்டுக்காரி புத்தி எங்கே போகும்? ஈரத்தை இழுக்க அரிசியை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று, ஒவ்வொரு கட்டியையும் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். சோப்பு நன்றாகவே காய்ந்தது. சோறுதான் வெட்டிவேர் மணத்தது. என் புருஷன் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஏளா, இதைத் திங்கணுமா, தேச்சுக் குளிக்கணுமா?” என்று கேட்டார். அந்த டிரம் தீருகிறவரை அவருக்கு அதே சோறுதான். கழுத்துத் தடிப்பு மட்டும் மெல்ல மெல்ல அடங்கியது.

தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள், கொடுத்தேன். அவர்கள் சொல்லி இன்னும் நாலு பேர். சுயஉதவிக் குழு நடத்திய கண்காட்சியில் ஒரு மேசை கிடைத்தது. அங்கேதான் என் வியாபாரத்தின் வினையை முதலில் பார்த்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இது கலர் குடுக்குமாக்கா?” என்றார்கள். நான் நல்ல கறுப்பு. கறுப்பாக ஒருத்தி மேசைக்குப் பின்னால் நிற்கிறாள், அவளிடமே கேட்கிறார்கள். “அழுக்கு போகும், அரிப்பு போகும், நிறம் எங்கேயும் போகாது” என்று சொன்னேன். கட்டியை மெதுவாக வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனார்கள். பக்கத்து மேசைக்காரி பாதாமும் குங்குமப்பூவும் என்று என்னவோ சொல்லி விற்றுத் தீர்த்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். கலர் வரும் என்ற பொய்யை மட்டும் சொல்லி விற்பதில்லை. சின்ன வயதிலிருந்து என் முகத்தில் கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் பாலாடையும் பூசாத அத்தை சித்தி கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையும் மறக்கவில்லை. அந்த வலியைப் பொட்டலம் கட்டி இன்னொருத்தி வீட்டுப் பிள்ளைக்கு விற்க எனக்கு மனம் இல்லை. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, கோபம்தான்.

இந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் உள்ளே வந்தாள். அவருடைய ஒரே தங்கை. எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். சிவப்பு, சிரித்த முகம், வாய் சாமர்த்தியம். “மைனி, இங்கன இருந்து வித்தா தெருவத் தாண்டாது. ரீல்ஸ் போடுவோம். நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். நிஜமாகவே பார்த்துக்கொண்டாள். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். பெட்டிக்குச் சணல் கயிறு, அதில் ஒரு காய்ந்த வேர், பின்னணியில் உப்பளத்து வெள்ளைக் குவியல் என்று அவள் எடுத்த படங்களைப் பார்த்து எனக்கே என் சோப்பை வாங்க வேண்டும் போலிருந்தது.

வீடியோவில் நான் கிளறுவேன், அவள் பேசுவாள். ஒருமுறை கிளறிக்கொண்டே தலையை நிமிர்த்திவிட்டேன். “மைனி, கை மட்டும் காட்டுங்க, போதும். மொகத்த நான் காட்டிக்கிடுதேன்” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எந்த வீடியோவிலும் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆர்டர்கள் வந்தன. காயல்பட்டினத்தில் ஒரு அம்மா, தெருவே அவரை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும், அதனால் நானும் அப்படியே கூப்பிட்டேன். புருஷனும் மருமகனும் வளைகுடாவில் இருந்தார்கள். அவருக்கு முதுகில் வேர்க்குரு. முதல் முறை பேசும்போதே, “பேத்தியும் கேக்குறா, நெறம் வருமா?” என்றார். வராது என்றேன். “வராதுன்னு சொல்லுற ஆளக் காட்டித் தந்தானே அல்லா” என்று சிரித்து, அன்றைக்கே ஒரு டஜன் சொன்னார். அதிலிருந்து கூரியரில் போடாமல் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தக் குறுகலான சந்துகளில் எதிரே ஒரு வண்டி வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்க வேண்டும். அவர் வீட்டில் எப்போதும் இஞ்சித் தேநீர் இருக்கும். பேத்தி கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் என் சோப்புதான் என்று முடிவு செய்திருந்தார்.

அந்தக் கல்யாணச் சோப்புக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போன நாள் அது. தேநீர் வந்தது, ஆனால் லாத்தா பக்கத்தில் உட்காரவில்லை. பேத்தி போனைக் கொண்டுவந்து நீட்டினாள். “இது நீங்கதானே?”

இரண்டு படங்கள். இடது பக்கம் ‘முன்’ என்று எழுதியிருந்தது. தலைவிரிகோலமாக, நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, கண் இடுங்கி, கன்னம் வீங்கி, கறுத்துச் சுருண்ட ஒரு முகம். வலது பக்கம் ‘பின்’. பூ வைத்து, பட்டுச்சேலையில் சிரிக்கிற முகம், போனில் வெளுக்க வைத்த முகம். இரண்டும் நான்தான். கீழே எங்கள் சோப்புப் பெட்டி. எத்தனை வாரத்தில் இந்த மாற்றம் தெரியும் என்றும் போட்டிருந்தது.

“ஒரு வார்த்த உண்மையச் சொன்னியன்னுதானம்மா ஒங்ககிட்ட வாங்குனேன்” என்றார் லாத்தா. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கல்யாணத்துக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்லி, தேநீரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ‘பின்’ படத்தை நான் அப்போது பார்க்கவே இல்லை. ‘முன்’ படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்போது எடுத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் அப்பா இறந்த அன்றைக்கு எடுத்தது. எங்கள் பக்கம் இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பார்கள். பெற்ற பிள்ளைகள் ஆற்றுக்குப் போய்த் தலையோடு நனைந்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து, தலைக்கு மேல் நாலு பேர் வேட்டியைப் பந்தலாகப் பிடிக்க, சங்கு ஊத நடந்து வர வேண்டும். என் தம்பி துபாயில் இருந்தான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் சார்பில் இன்னொருத்தர் குடம் எடுத்தார். அவனாவது பார்க்கட்டும் என்று, என் நாத்தனாரிடம் போனைக் கொடுத்து வீடியோ காலில் காட்டச் சொன்னது நான்தான். அவள் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே பிடித்துக்கொண்டு வந்தாள். அவளும் அழுதாள். எப்போது அந்த வீடியோ கால் முடிந்து எப்போது ரெக்கார்டிங் ஆனது என்று எனக்குத் தெரியாது. அந்தக் குடத்துத் தண்ணீர் என் அப்பா தலையில் விழப்போகிறது என்ற நினைப்பைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பு இல்லை.

ஆத்தூர்ப் பாலம் தாண்டி எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியவில்லை. நேராக பார்லருக்குப் போனேன். ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் முன்னாலேயே கத்தினேன்.

“எங்கப்பன் செத்த அன்னைக்கி அழுத மூஞ்சிளா அது! அதை வச்சா சோப்பு வித்த?”

அவள் நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள். “மைனி, கத்தாதிய. மொகந்தான வச்சிருக்கேன், வேற ஒண்ணும் தெரியாதுல்லா. சும்மா எடுத்த படம் எல்லாத்துலயும் நீங்க நல்லாத்தான் இருக்கிய. இதுலதான் வித்தியாசம் எடுப்பா இருந்துச்சு.”

எடுப்பாக இருந்ததாம். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டிருக்கலாம். அவள் நிஜமாகவே அதை ஒரு தொழில்காரியின் கண்ணோடு சொன்னாள். அந்தப் படம் வந்த வாரத்தில்தான் ஆர்டர் குவிந்தது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான் ராப்பகலாகக் கிளறிப் பெட்டி கட்டி அனுப்பிய அத்தனையும், கலர் வரும் என்று நம்பியவர்கள் வாங்கியது. பெட்டி கட்டும்போதெல்லாம் சந்தோஷமாக வேறு இருந்திருக்கிறேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவ ஒனக்காகத்தானளா செஞ்சா. அழிக்கச் சொல்லுதேன், விடு” என்றார். தங்கை என்றால் அவருக்குப் பேச்சு அவ்வளவுதான். கழுத்து மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அழித்தாள். அவள் பக்கத்திலிருந்து அழித்தாள். அதற்குள் அது ஊர் சுற்றப் போய்விட்டது. பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது. எங்கேயோ ஒரு கிரீம்காரன் எங்கள் பெட்டியை வெட்டிவிட்டுத் தன் டப்பாவை ஒட்டியிருந்தான். என் தம்பிக்கு மட்டும் அது போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று நான் கும்பிடாத சாமி இல்லை. அவன் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுக் கேட்கவில்லையா என்று நானும் கேட்கவில்லை.

நான் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாத்தனார் தானே தொடங்கினாள். மதுரையிலிருந்து சோப்புக்கட்டி ரெடியாக வருகிறது. வெட்டி, உருக்கி, வாசனை ஊற்றி, அச்சில் வார்த்தால் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். காய வைக்கிற தொல்லை இல்லை, வியர்ப்பதும் இல்லை. அதே பெட்டி, அதே சணல் கயிறு. குப்பைமேனியின் படம் மட்டும் பெட்டியில் இன்னும் இருக்கிறது. ‘ஏழு நாளில் பளிச்’ என்று எழுதியிருக்கிறாள். நன்றாகப் போகிறது. பொங்கலுக்கு எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள், நானும் கட்டிக்கொண்டேன். ஒரே குடும்பம், வேறு என்ன செய்ய?

போன வாரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், என்னைவிட இளையவள், என் முகத்தையே பார்த்தாள். எனக்கு இப்போது அந்தப் பார்வை பழகிவிட்டது. கடைசியில் கிட்ட வந்து, “அக்கா, தப்பா நெனைக்காதிய. அந்த சோப்புப் படத்துல வந்தது நீங்கதானக்கா?” என்றாள்.

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். முகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமான அக்கறை. “ரெண்டாவது படத்துல எப்படி இருந்திய! ஏங்க்கா விட்டுட்டிய? மறுபடி மொதப் படம் மாதிரியே ஆயிட்டியளே.”

அப்பாவைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் அவள் பாவம், அவளுக்கு என்ன ஆகப்போகிறது. அவள் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச பிள்ளதான்க்கா அந்த சோப்ப செஞ்சு விக்கா. ரொம்ப நல்ல பிள்ள. நம்பர் தரட்டா?”

“வேண்டாம்மா. அந்த நம்பர் எங்கிட்ட இருக்கு” என்றேன்.