வலது ஓரத்துச் சபிதியஸ்

சபிதியஸ் டான்யூப் கரை ரோமப் படையில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கோட்டைக்கு அகழி தோண்டும்போது மண் சரிந்து அவனுடைய இடது காறை எலும்பு ஒடிந்தது. எலும்பு கூடியதும் அங்கே ஒரு முண்டு புடைத்து நின்றுவிட்டது.

படையில் எல்லாருக்கும் சுமை இடது தோளில்தான். ஒரு நீளக் கழி, அதன் உச்சியில் குறுக்குக் கட்டை. அதில் தோல்பை, போர்வை, வெண்கல வாணலி, மூன்று நாள் கோதுமை. முண்டின் மேல் கழியை வைத்ததும் சபிதியஸுக்குக் கண் கலங்கியது. வலது தோளுக்கு மாற்றினான். வாணலி ஊசலாடி, வலப்பக்கம் ஓரத்தில் நடந்த கூடாரத் தோழன் விண்டோவின் காதில் மோதியது.

நூற்றுவர் தலைவன் பிரம்பை நீட்டினான். "ஒனக்கு இனி வரிசை ஒத்துவராது. கோவேறு கழுதைங்களோட பின்னால வா."

அப்படிப் போனால் எட்டுப் பேர் கூடாரத்தை விட வேண்டும். ஆறு வருடமாக ஒரே திரிகையில் மாவரைத்து, ஒருவர் குறட்டையில் மற்றவர் தூங்கியவர்கள். சபிதியஸ் அன்று கஞ்சியைத் தொடவில்லை.

வீங்கிய காதோடு விண்டோதான் தலைவனிடம் போனான்.

"தலைவரே, அவன ஓரத்துல விடுங்க, நான் உள்ள வந்துடுறேன். அந்தப் பக்கம் இடிக்கிறதுக்கு மரந்தான் இருக்கு."

"மரத்துல இடிச்சாலும் சத்தம் கேக்கும்ல?"

"வாணலிக்குத் துணி சுத்திடுறோம்."

"ஒரு நாள் பாக்குறேன். இருபது மைல். சத்தம் வந்துச்சு, நீயும் அவன்கூடக் கழுதை மேய்ப்பே."

ஊசல் குறையச் சபிதியஸ் கழியில் ஒரு சாண் அறுத்தான். வாணலியைப் போர்வைக்குள் சுருட்டிக் கட்டினான். மறுநாள் இருபது மைலும் நடந்தான். சத்தம் வந்ததெல்லாம் விண்டோவிடமிருந்துதான். ஓரத்துக் காற்று போச்சே என்று வழிநெடுகப் புலம்பினான்.

பிறகு பத்தொன்பது வருடம் அந்த ஓரமே சபிதியஸின் இடம். அங்கே புழுதி குறைவு. சாலையோரம் பழம் விற்கும் பனோனாவும் அங்கேதான் பழக்கமானாள். வரிசை நிற்காது, கூடையோடு அவளும் நடந்தபடியே பேசுவாள்.

"எல்லாரும் அந்தத் தோள்ல தூக்குறாங்க. நீ மட்டும் ஏன்யா மாத்தி?"

"நீ பேரிக்காய் போட வசதியா இருக்கட்டும்னுதான்."

கழியைச் சற்றுத் தாழ்த்தினான். அவள் சிரித்துக்கொண்டே பைக்குள் இரண்டு பழம் போட்டாள்.

"கூடாரத்துல எட்டுப் பேரும்மா," என்றான் உள்ளிருந்து விண்டோ. "ரெண்ட வச்சு என்ன பண்றது?"

படைவீரன் மணம் முடிக்கக் கூடாது. படையிலிருந்து விடுதலை கிடைத்த மாதமே சபிதியஸ் பனோனாவை மணந்துகொண்டு ஆற்றுச் சரிவில் நிலம் திருத்தினான். விண்டோவும் பக்கத்திலேயே குடியேறினான். சந்தை நாளில் மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, இருவரும் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்து போவார்கள்.