ஏழில் ஒரு மணிச்சத்தம்

போன வாரம் மிட்டு போன் செய்தாள்.

"காக்கு, அப்பா பண்ணின நம்பர் கேம் உங்ககிட்ட இருக்கா? அம்மா கொரல் வருமே, அது."

காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. எனக்கும் அவளுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. அவள் அப்பா சங்கரலிங்கம் எழுதிய ஒரு சின்ன மென்பொருளைப் பரிசோதித்தவன் நான், அவ்வளவுதான். அவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். வீடு முழுக்கத் தேடிவிட்டாளாம், கிடைக்கவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பரணிலிருந்து பழைய சிடி பெட்டியை இறக்கினேன்.

திறந்ததும் குப்பென்று பூஞ்சை வாடை. கல்கத்தாவில் மழைக்காலம் எதையும் விட்டுவைக்காது, செருப்பிலும் பூக்கும், சிடியிலும் பூக்கும். எனக்கு அந்த வாடை பிடிக்கும். மனைவி காதில் விழாமல் சொல்கிறேன். அந்த வாடையில் எங்கள் பாலிகஞ்ச் வீட்டின் பின்னறை இருக்கிறது. அதில் ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கீச்சிடும் மோடம், கதவுக்கு வெளியே அம்மா. "மாமா காலம்பறலேர்ந்து ட்ரை பண்றானாம், எங்கேஜ்டாவே இருக்காம். அந்தச் சனியனை நிறுத்தப் போறியா இல்லையா?"

நிறுத்த முடியாது. நான் முக்கியமான வேலையில் இருந்தேன், சம்பளம்தான் கிடையாது. லினக்ஸை இந்திய மொழிகளோடு தொகுத்து, யார் கேட்டாலும் இலவசமாக சிடி போட்டுத் தரும் ஒரு சின்னக் கூட்டம் எங்களுடையது. எங்கெங்கிருந்தோ ஆர்வலர்கள் தாங்கள் எழுதிய நிரல்களைப் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். சிடியில் சேர்ப்பதற்கு முன்னால் ஒருவர் அதைப் பிரித்துக் குறை சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது. சொன்ன குறைக்கு ஆதாரம் வேண்டுமென்று குறையுள்ள கோப்பை மட்டும் எடுத்துத் தனியாகச் சேர்த்து வைப்பேன். கோணலான படம், பாதியில் வெட்டுப்பட்ட எழுத்து, இப்படி. நல்லதை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சங்கரலிங்கம் அனுப்பியது குழந்தைகளுக்கு எண் சொல்லித்தரும் விளையாட்டு. திரையில் மீன்கள் வரும். மவுஸால் ஒவ்வொன்றாகத் தட்டினால் ஒரு பெண் குரல் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணும். நிரல் சுத்தமாக இருந்தது. நான் விடுவேனா? இரண்டு குறிப்பு எழுதினேன். குரல் யாருடையது, சேர்த்துக்கொள்ள அவர் சம்மதம் உண்டா? ஏழில் பின்னணி இரைச்சல் இருக்கிறது, மறுபடி பதிவு செய்து அனுப்பவும்.

முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது: எங்க வீட்டுல அவங்க குரல்தான், சம்மதம் உண்டு. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. வாரங்கள் போயின. நினைவூட்டினேன், அப்போதும் இல்லை. ஆள் கல்கத்தாவிலேயே, பெஹாலாவில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும், இரைச்சலை நானே நீக்கித் தருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

டயமண்ட் ஹார்பர் சாலைக்கு மிக அருகில் தரைத்தள வீடு. துறைமுகத்தில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டீயை அவரே போட்டுக் கொண்டுவந்தார். அப்போதுதான் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தேன்.

"ஏழ மட்டும் எப்படி தம்பி திரும்பப் பேசச் சொல்லுவேன்? ஆளு இல்லல்லா."

அவரே தொடர்ந்தார். "டிராம் போவட்டும், பொறவு பேசுன்னுதான் சொன்னேன். அடுப்புல பால் இருக்கு, சொல்லி முடிச்சிருதேன்னா. மறுநா பாத்துக்கலாம்னு விட்டோம். மறுநா காய்ச்சல். மலேரியா."

அந்த இரைச்சல் டிராம் மணி.

மிட்டு அப்போது நர்சரிக் குழந்தை. அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்தான் மிட்டு. அவளுக்கு வங்காளம்தான் ஓடும், தமிழில் எண்ண வராது. அவளுக்காகத்தான் இந்த விளையாட்டே. நாற்காலியில் முட்டி போட்டுக்கொண்டு மீன்களைத் தட்டினாள், அம்மா குரலோடு சேர்ந்து எண்ணினாள். "அஞ்சு, ஆறு, ஏழு டிங் டிங், எட்டு." அவளுக்கு ஏழு என்றால் மணியோடு சேர்ந்ததுதான். பிறகு கம்ப்யூட்டரை விட்டு இறங்கி, தட்டில் இருந்த பிஸ்கட்டை எண்ணும்போதும் ஏழு டிங் டிங் என்றாள்.

இரைச்சலை நீக்கும் பேச்சை நான் எடுக்கவே இல்லை. கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "தரை வீடு தம்பி. மழை வந்தா தண்ணி உள்ள வந்துரும். ஒங்க சிடியில சேந்துட்டுன்னா நாலு பேரு கம்ப்யூட்டர்ல இருக்கும். அவ கொரல் எங்கயும் போவாதுல்லா?"

போகாது சார் என்றேன். வீட்டுக்கு வந்து, 'ஏழில் டிராம் மணி. அப்படியே இருக்கட்டும்' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டேன். என் பரிசோதனைகளிலேயே உருப்படியான வரி அதுதான்.

சில வருஷம் கழித்து ஒரு பெருமழையில் அவர் வீட்டில் முழங்காலளவு தண்ணீர். தரையில் வைத்திருந்த சிபியூ, சிடி எல்லாம் போயிற்று. போனில் சிரித்தார். "போனா போவுது தம்பி. அதான் ஒங்க சர்வர்ல இருக்குல்லா." அன்றைக்கு இருக்கத்தான் செய்தது. பிறகு ஒருவனுக்குக் கல்யாணமாயிற்று, ஒருவன் அமெரிக்கா போனான், இன்னொருவன் பெங்களூர். சர்வரைப் பார்த்துக்கொண்டவனுக்கும் அலுத்துவிட்டது. சண்டையில்லை, சச்சரவில்லை, கூட்டம் கலைந்தது. ஒருநாள் சர்வரின் இணைய முகவரி திறக்கவில்லை. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவுமில்லை.

பெட்டியிலிருந்த சிடிக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் லினக்ஸ் சிடி எதையுமே படிக்க முடியவில்லை, பூச்சு உரிந்துவிட்டது. கடைசியில் என் கையெழுத்தில் 'குறைகள்' என்று எழுதிய ஒன்று மட்டும் முனகி முனகிச் சுற்றித் திறந்தது. கோணல் படங்களுக்கும் வெட்டுப்பட்ட எழுத்துகளுக்கும் நடுவில் அது இருந்தது. ஏழு. ஏழு மட்டும்.

மிட்டுவைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெண் அவசரமாக ஏழு என்கிறாள். பின்னால் டிங் டிங்.

"இன்னொரு தடவை போடுங்க காக்கு."

போட்டேன். மறுபடி போட்டேன்.

"மணி ஞாபகம் இருக்கு காக்கு," என்றாள். "அம்மா கொரல் இப்படியா இருந்துச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? அவள் அம்மாவை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. தெரிந்த ஒரே மனிதர் இரண்டு மாதத்துக்கு முன்னால் போய்விட்டார். ஆமாம்மா, இப்படித்தான் என்றேன். போனை வைத்த பிறகு அழுதேன், மறைப்பானேன்.

பெஹாலாவில் இப்போது டிராம் கிடையாது. அது ஓடிய சாலைக்கு மேலே மெட்ரோ போகிறது, மணி அடிக்காமல்.