பதினாலு கிளை விட்ட அறிவித்தல்

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். அந்தச் சிறுபோகத்துக்கு, கோடைப் பயிருக்கு, குளத்தில் தண்ணீர் குறைவு. எந்த நாள் யாருடைய வயலுக்குத் தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதி, குளத்துத் துருசை, அதாவது மதகை, திறந்து பூட்டுபவரிடம் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் அதை ஒரே வசனத்தில் எழுதினேன்.

வசனம் முழுத் தாளுக்கு ஓடியது. அன்றைக்கு அதை என் திறமை என்று நினைத்தேன். வயிறும் நரையும் வந்த இந்த வயதில் உண்மையைச் சொல்லலாம்: எனக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. மேல்வாய்க்கால்காரர் ஒருவர் வந்து, தான் பிந்தி விதைத்ததால் ஒரு நாள் கூட வேண்டும் என்றார். சேர்த்தேன். இன்னொருவர் மகளுக்குக் கலியாணம், செவ்வாய்க்குப் பதில் வியாழன் தாருங்கள் என்றார். சேர்த்தேன். மழை பெய்தால், பெய்தும் போதாவிட்டால், போதாமல் அன்று ஞாயிற்றுக்கிழமையுமாக இருந்தால்... மேசைக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். எனக்கே புல்லரித்தது.

தாளைத் துருசுக்காரரிடம் கொடுத்த ஒன்பதாம் நாள் ஓர் அக்கா வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். வாய்க்காலின் கடைசி இரண்டு ஏக்கர் அவருடையது. ஒரு கையில் குடை, மறு கையில் ஒரு பிடி நெற்பயிர், நுனி சுருண்டிருந்தது.

“தம்பி, குடலைப் பருவம். கதிர் உள்ளுக்கை இருக்கு. இன்னும் மூண்டு நாளிலை தண்ணி வராட்டி எல்லாம் மணியில்லாத சப்பிதான்.”

“உங்கட முறை நேற்றல்லோ அக்கா?”

“முறை வந்தது. தண்ணி வரேல்லை.”

துருசுக்காரரைக் கூப்பிட்டோம். அவர் மடியிலிருந்து என் தாளை எடுத்து விரித்தார்.

“ஐயா, மேலை திறக்கச் சொல்லி எழுதியிருக்கு. நடுவிலை பூட்டச் சொல்லியிருக்கு. கீழை திரும்பவும் திறக்கச் சொல்லியிருக்கு. உங்களைப் பகைக்கக் கூடாதெண்டு எல்லாத்தையும் செய்தனான்.”

“ஒரே நாளிலையோ?”

“ஒரே விடியக்காலமை.”

அக்கா சிரிக்கவில்லை. என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய், “ஆறுதலா வாசியுங்கோ” என்று குந்தியிருந்து, குடை நுனியால் மணலில் ஒரு கோடு இழுத்தார். நான் வாசிக்க வாசிக்க, இப்படியோ அப்படியோ என்று வருகிற ஒவ்வோர் இடத்திலும் கோடு இரண்டாகப் பிரிந்தது. பிரிந்ததிலிருந்து இன்னொன்று பிரிந்தது. முற்றம் போதாமல் துருசுக்காரர் தன் சைக்கிளைத் தள்ளி வைக்கவேண்டி வந்தது.

அக்கா பிரிந்த இடங்களை எண்ணினார்.

“பதினாலு. ஒரு வாய்க்காலைப் பதினாலு இடத்திலை பிரிச்சா கடைசிக்கு ஒரு சொட்டும் வராது தம்பி. பிறகு இந்த மனுசனுக்கு உது எப்பிடி விளங்கும்?”

“எழுதினவருக்கு விளங்கினதோ எண்டு கேளுங்கோ,” என்றார் துருசுக்காரர்.

அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

அங்கேயே குந்தியிருந்து அழிக்கத் தொடங்கினோம். மழையில் கிளைத்ததையெல்லாம் அக்கா உள்ளங்கையால் துடைத்தார். “மழை பெய்தா வயலே சொல்லும். கடுதாசி என்னத்துக்கு?”

கலியாணத்தில் கை வைத்தபோது தடுத்தேன். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

“கலியாணம் முடிஞ்சு பெட்டை மன்னாருக்கும் போயிட்டாள் ஐயா,” என்றார் துருசுக்காரர்.

பிந்தி விதைத்தவரின் கிளைதான் கஷ்டம். அவர் எனக்கு ஒரு வாழைக்குலை கொண்டுவந்து தந்தவர். பாதிக் குலை ஏற்கெனவே என் வயிற்றில். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே துடைத்தேன். பின்னேரம் குலை தந்தவரின் வீட்டு வாசலில் நின்று, கூடுதல் நாள் இல்லை என்று சொல்லி முடிக்க நான் பட்ட பாடு பெரும் பாடு. அவருடைய நாய்கூட என்னை மதிக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு கிளை: வாய்க்கால் கட்டு உடைந்தால் உடனே பூட்டவேண்டும். அதைத் துடைக்க முடியாது. புதிய தாளில் நாளுக்கு ஒரு வரி எழுதினேன். துருசுக்காரர் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“அப்ப முதலே ஏன்...” என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

புதிய தாளின்படி அடுத்த நாள் கடைசி வயல்களின் முறை. மத்தியானம் நான் அக்காவின் வயலுக்குப் போனேன். ஒரு மூலையில் பயிர் ஏற்கெனவே வைக்கோல் நிறமாகிவிட்டது. அதைப் பார்த்தும் பாராததுபோல் நின்றேன். அக்காவும் அதைப் பார்த்தார். மற்றப் பயிர் இன்னும் தாங்கிக்கொண்டு நின்றது. இருவரும் வெறும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சருகுகள் அசைந்தன. பிறகு நுரையையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு, விரல் கனத்தில் தண்ணீர் வந்தது. மன்னிப்பாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தொண்டையைச் செருமினேன்.

அக்கா மண்வெட்டியைத் தூக்கினார்.

“தள்ளி நில்லுங்கோ தம்பி. தண்ணி வயலுக்குப் போற வாயிலை நிக்கிறியள்.”

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.