மூன்றாவது ரௌட்டர்

இது நிஜமாக நடந்தது. கதை விடுவதாக இருந்தால் நடுராத்திரியில் விட்டிருப்பேன். கூட நாலு பேர் பயந்திருப்பார்கள். நடந்ததோ பட்டப்பகலில், எங்கள் கல்லூரி நெட்வொர்க் லேபில்.

நாலு மணிக்கு இறுதியாண்டு ப்ராஜெக்ட் டெமோ. குழுவில் நானும் மொட்டையும். எங்கள் துறையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் வராவிட்டால் இருவருக்கும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் இன்னொரு வருஷம். மொட்டைக்கோ நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். போனை எடுத்தது அவன் அம்மா. "எந்திரிக்கவே முடியலப்பா அவனுக்கு. நீயே பாத்துக்க."

நெட்வொர்க்கில் தகவலுக்கு வழிகாட்டும் ரௌட்டர் பெட்டி வாங்க வக்கில்லாத நாங்கள், அதன் இயங்குதளத்தை கன்டெய்னருக்குள் ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தோம். கன்டெய்னர் என்பது கணினிக்குள் மூடி போட்ட ஒரு டப்பா. அழித்துவிட்டால் உள்ளே நடந்தது எதுவும் மிஞ்சாது. இரண்டு டப்பா, இரண்டு ரௌட்டர்.

டப்பாவை வார்த்தெடுக்கும் அச்சுக்கு இமேஜ் என்று பெயர். நாங்கள் செய்து வைத்திருந்தது கடைசி நேரத்தில் காலை வாரியது. லேப் சர்வரைத் துழாவினேன். எவனோ ஒரு சீனியர் விட்டுப்போன இமேஜ் கிடைத்தது. யாருடையது என்று பார்க்கவில்லை. ஓட்டினேன்.

3:41. இரண்டும் எழுந்தன. அக்கம்பக்கத்தில் யார் யார் என்று ரௌட்டர்கள் தாமே விசாரித்துப் பட்டியல் போடும். எங்கள் தெருவும் அப்படித்தான். முதல் ரௌட்டரின் பட்டியலில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

இரண்டு இருந்தன.

வெளியிலிருந்து எவனோ நுழைகிறான் என்று கேபிளைப் பிடுங்கினேன். அப்போதும் இரண்டு. எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஓட்டினேன். 3:49. இரண்டு.

அந்த மூன்றாவது ரௌட்டருக்கு பிங் அனுப்பினேன். 'இருக்கிறாயா' என்று கேட்டு, பதில் வரும் நேரத்தை அளப்பதுதான் பிங். ஒரே கணினிக்குள் என்றால் கண் இமைப்பதற்குள் வரும்.

ஒன்பது விநாடி ஆனது.

எங்கோ வெகுதூரத்திலிருந்து…

அடுத்த பதிலுக்கு ஏழு.

3:55. நாலு விநாடி.

நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு. வராந்தாவில் டக்… டக்…

ஒன்று. கதவு திறந்தது. யாருமில்லை.

3:59. பூஜ்யம்.

பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது.

நான் திரும்பவில்லை.

பேராசிரியர் வந்தார். காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பேரும் வந்தாச்சா? ஆரம்பிங்க."

டெமோ வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆறு கேள்வி கேட்டார். ஒன்றுக்குத்தான் நான் பதில் சொன்னேன். மற்ற ஐந்துக்கும் வாயே திறக்கவில்லை. அவர் பக்கத்து நாற்காலிப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு, "கரெக்ட்" என்று டிக் போட்டுக்கொண்டே போனார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் என் எண். பாஸ். மொட்டை ஆப்சென்ட். என் எண்ணுக்கு ஜோடியாக வேறொரு எண். மூன்று வருஷத்துக்கு முந்தைய பேட்ச் எண். அதுவும் பாஸ்.

லேப் அட்டெண்டர் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அந்த எண்ணை விரல் வைத்துப் படித்தார்.

"இந்தப் பையன் இறந்து மூணு வருஷமாச்சு தம்பி. டெமோவுக்கு லேட்டாயிடுச்சுன்னு பைக்ல வேகமா வந்தான்…"

குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நேத்து வந்து சேந்துட்டானா?"